வேதாசல முதலியார் எங்கே போனார்?

காஞ்சிபுரத்தில் அண்ணாவின் சிலைகளுக்குப் பஞ்சம் இல்லை. அவர் பெயரில் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சின்னக் காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. செப்டம்பர் 15 வந்தால் மாலை போடக் கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இவ்வளவும் உள்ள ஊரில் அவருடைய நாடகம் ஒன்றை மேடையில் பார்க்க வழியில்லை. தறிச் சத்தத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வளர்ந்தவள் நான். என் வயதுக்காரர்கள் ஒருவர்கூட ‘வேலைக்காரி’யையோ ‘ஓர் இரவை’யோ நாடகமாகப் பார்த்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை.

நாடகம் காலி செய்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வைக்கிற பிளக்ஸ் பேனர்களில், சாதிச் சங்க நாட்காட்டிகளில், ‘நம் இனத்தின் பெருமைகள்’ வரிசையில் அண்ணாவின் முகமும் அச்சாகி வருகிறது. தன் பெயரோடு எந்தப் பட்டத்தையும் ஒட்டிக்கொள்ளாமல் வாழ்ந்து மறைந்தவருக்கு, அரை நூற்றாண்டு கழித்துப் பட்டம் கட்டிப் பார்க்கிறார்கள்.

இன்னொரு பக்கம், நம் தோழர்களில் சிலர் அவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: இடைநிலைச் சாதிகளின் அரசியலுக்குக் குரல் கொடுத்தவர், அவ்வளவுதான் என்று. பேனர் வைக்கிறவரும் இந்தத் தோழரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே அவர் எழுதியதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் முன்னவர் பேனரைக் கழற்றியிருப்பார். பின்னவர் தன் விமர்சனத்தை இன்னும் கூர்மையாக, வேறொரு இடத்தில் வைத்திருப்பார்.

முதலமைச்சர் அண்ணாவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நெசவாளி வீட்டிலிருந்து வந்து நாடகமும் திரைக்கதையும் எழுதிய அண்ணாவைப் பற்றிப் பேசுவோம். அந்த எழுத்தின் மையத்தில் இருந்தது தன் சொந்த வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற துணிச்சல். அவர் வழியில் வந்ததாகச் சொல்கிறவர்கள் முதலில் கைவிட்டது அந்தத் துணிச்சலைத்தான்.

1909 செப்டம்பர் 15 அன்று இந்த ஊரில் பிறந்தார். அப்பா நடராசன் கைத்தறி நெசவாளி, அம்மா பங்காரு அம்மாள். பச்சையப்பன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக் கஷ்டத்துக்காக இடையில் நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1934-இல் ஆனர்ஸ் பட்டம், தொடர்ந்து முதுகலை, சில காலம் ஆங்கில ஆசிரியர் வேலை. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை. ‘விடுதலை’, ‘குடி அரசு’ ஏடுகளில் பணி. 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்தே ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார்.

பேனர் வைக்கிறவர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்றும் இந்த வாழ்க்கையில் உண்டு. பெரியாரை அவர் முதலில் சந்தித்தது முப்பதுகளின் நடுவில், திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில். ஆம், சாதி மாநாடுதான். ஆனால் அந்த மாநாட்டிலிருந்து அவர் எங்கே போனார் என்பதல்லவா கேள்வி? சாதிச் சங்கத்தின் தலைவர் பதவிக்குப் போகவில்லை, பெரியாரின் பின்னால் போனார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது. அந்த இயக்கத்துக்குப் போனார்.

நெசவாளி வீடு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் கோவிலும் பட்டும். வரதராசப் பெருமாளுக்கு முன்னால் யார் பாசுரம் பாடுவது என்று வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுகிற ஊர் இது. அந்தக் கோவில்களைச் சுற்றிய தெருக்களில் நெய்தவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. விஜயநகரக் காலத்தில் கைக்கோளருக்குப் பல்லக்கில் ஏறவும் சங்கு ஊதவும் உரிமை கிடைத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருக்கிற உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியதற்கும் கல்வெட்டு இருக்கிறது.

இந்தச் செய்தியைச் சாதிச் சங்கக்காரர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அதில் தெரிவது வேறு. பல்லக்கு ஏறவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்த சாதி அது. அனுமதி கிடைத்த பிறகு, கிடைக்காதவனைப் பார்த்து நிமிர்ந்துகொண்ட சாதியும் அதுதான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னாரே, மேலே பார்த்தால் பணிவு, கீழே பார்த்தால் இளப்பம் என்று இயங்குகிற ஏணி, அதன் நடுப்படி இதுதான். நடுப்படியில் நிற்கிறவன் மேலே இருப்பவனை எதிர்ப்பது சுலபம். தன் கால் யார் தலைமேல் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதுதான் கடினம்.

எங்கள் வீட்டில் அப்பா கூலிக்கு நெய்தார். பாவும் பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வரும். புடவையை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் கூலி. கூலியில் முன்பணம் கழியும். கழிந்த மறுவாரமே கல்யாணமோ காய்ச்சலோ வந்து முன்பணம் மறுபடி ஏறும். அந்த முதலாளியும் எங்கள் சாதிதான். அப்பா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். கணக்கு நோட்டில் அந்த உறவுக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கிடைத்ததில்லை. இதைச் சொல்லக் காரணம், ‘வேலைக்காரி’யைப் படித்தபோது எனக்கு அந்தக் கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது என்பதுதான்.

‘வேலைக்காரி’யின் கதை இது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் பட்ட கடனால் ஓர் ஏழைத் தகப்பன் தூக்கு மாட்டிக்கொள்கிறார். மகன் ஆனந்தன் பழிவாங்கப் புறப்படுகிறான். காளியிடம் போய் முறையிடுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. அவன் ஆத்திரம் அந்தச் சிலைமேலேயே திரும்புகிறது. படமாக வந்தபோது தடை செய்யச் சொல்லி வைதீகர்கள் குரல் எழுப்பியது இதற்காகத்தான். இந்தக் காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்தப் பெரிய மனிதரின் பெயரை. வேதாசல முதலியார்.

நின்று யோசித்துப் பாருங்கள். எழுதுகிறவர் செங்குந்த முதலியார் வீட்டுப் பிள்ளை. உட்கார்ந்திருப்பது காஞ்சிபுரத்தில். பார்ப்பனிய எதிர்ப்பைத் தன் அரசியலாக வரித்துக்கொண்டவர். வட்டிக்குக் கொடுத்து ஏழையைக் கொல்கிற கொடியவருக்கு அவர் ஓர் ஐயர் பெயரை வைத்திருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். அவரோ தன் அப்பாவின் சாதிக்கும் உரிய ஒரு பட்டத்தை அந்த ஆளின் பெயரில் மாட்டி மேடையில் நிறுத்தினார். முதலியார் என்பது ஒரே சாதியின் பட்டம் இல்லை, வேளாளரில் ஒரு பிரிவினருக்கும் அது உண்டு என்பது உண்மைதான். ஆனால் இந்த ஊரில் நாடகம் பார்க்க உட்கார்ந்த நெசவாளிக்கு அந்தப் பெயர் தன் தெருப் பெயராகத்தானே கேட்டிருக்கும்?

‘ஓர் இரவு’ம் அப்படித்தான். ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. பணக்கார வீட்டுக்குள் திருடன் ஒருவன் நுழைகிறான். விடிவதற்குள் தெரிகிறது, அந்த வீட்டுப் பெரியவர் கைவிட்ட ஏழைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைதான் அந்தத் திருடன் என்று. அந்தப் பெரியவரின் பெயர் கருணாகரத் தேவர். முதலியார், தேவர் என்று இந்த இரண்டு நாடகங்களிலும் பெரிய மனிதர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பனரல்லாத பெரிய மனிதர்கள். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவருக்கு முன்னால் மேடை யாருடையதாக இருந்தது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் மேடையை ஆண்டவர்கள் வள்ளி, முருகன், கோவலன், அரிச்சந்திரன். அந்த வேடங்களைப் போட்டவர்கள் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள். ஏழைகள் நடித்தார்கள், அரசர்களாக நடித்தார்கள். ஏழை ஏழையாகவே மேடையேறித் தன் வழக்கைத் தானே வாதாடுவது அபூர்வம். 1943-இல் ‘சந்திரோதயம்’, 1945-இல் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’, பிறகு கே.ஆர். ராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபைக்காக ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ என்று அண்ணா எழுதியபோது மேடைக்குப் புதிய ஆட்கள் வந்தார்கள்: கடன்காரன், திருடன், வேலைக்காரி. ‘ஓர் இரவை’ப் பார்த்துவிட்டு அரசியலில் எதிர்முகாமில் இருந்த கல்கி, பெர்னாட்ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டி எழுதினார்.

உலக வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு கணக்கும் தெரியும். இங்கிலாந்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நாடக மேடையைக் கைப்பற்றிய காலம் என்று ஐம்பதுகளின் பிற்பகுதியைச் சொல்வார்கள். சால்ஃபோர்டு என்ற தொழில் நகரத்தில், பஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரின் மகளான ஷீலா டெலானி தன் 19-ஆவது வயதில் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ என்ற நாடகத்தை எழுதி அது லண்டனில் மேடையேறியது 1958-இல். மூன்று ஆண்டுகளில் அது படமானது, திரைக்கதையிலும் அவர் கை இருந்தது. தொழிலாளி வீட்டுச் சமையலறையும் வாடகை அறையும் நாடகத்துக்கு உரிய இடங்கள்தான் என்று அன்றைய லண்டன் ஆச்சரியத்தோடு ஒப்புக்கொண்டது. நம் ஊர் நெசவாளி மகனின் ‘வேலைக்காரி’ அதற்குப் பத்து ஆண்டுக்கும் முன்பே தஞ்சைப் பக்கத்து மேடைகளைச் சுற்றி வந்து, 1949-இல் ஜூபிடர் நிறுவனத்தின் படமாகவும் ஓடிவிட்டது.

டெலானியின் பாத்திரங்கள் தெருவில் பேசுகிற மொழியிலேயே பேசின. அண்ணாவின் ஏழைகளோ அடுக்குமொழியில் பேசினார்கள். கடன்பட்டுச் செத்தவரின் மகன் இப்படியா மோனை போட்டுப் பேசுவான் என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அலங்காரத் தமிழ் அதுவரை யார் கையில் இருந்தது? மடத்தில், சபையில், பண்டிதர் வீட்டுத் திண்ணையில் இருந்தது. கோவில் கருவறைபோல அதற்கும் ஒரு வாசற்படி இருந்தது. கடன்காரன் மகனுக்கு அந்தத் தமிழைக் கொடுத்தது, பூட்டி வைத்த சொத்தை எடுத்துப் பங்கு போட்ட மாதிரி. தறியில் உட்கார்ந்தவன் அந்த வசனத்தை மனப்பாடம் செய்து சொல்லிப் பார்த்தான். தன் வாயிலும் அந்தத் தமிழ் நிற்கிறது என்று கண்டுகொண்டான். இயற்கையாகப் பேசவில்லை என்று குறை சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யத்தை’ இன்றைய தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வாளால் நாட்டைப் பிடித்த சிவாஜிக்கு முடிசூட வைதீகர்கள் மறுக்கிறார்கள், சூத்திரன் என்பதால். காசியிலிருந்து காகபட்டர் வருகிறார். வாள் வென்ற நாட்டை ஏடு எப்படித் தன் கைக்குள் கொண்டுவருகிறது என்பதுதான் நாடகம். 1946-இல் சுயமரியாதை மாநாட்டில் சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனுக்குப் பெரியார் அந்தப் பெயரையே சூட்டினார் என்பது ஊரறிந்த கதை. காகபட்டராக நடித்தவர் அண்ணா. நெசவாளி மகன் பட்டர் வேடம் போட்டுக்கொண்டு, பார்ப்பனியம் எப்படி வேலை செய்கிறது என்று உள்ளேயிருந்து நடித்துக் காட்டினார். இன்றைக்கு சிவாஜியைக் காவிக்கொடியின் முன்னால் நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஒரு நாடகம் போதும்.

1949-இல் அவர் எழுதி இரண்டு படங்கள் வந்தன, ‘நல்லதம்பி’யும் ‘வேலைக்காரி’யும். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. பிறந்தது. 1951-இல் ஏ.வி.எம். எடுத்த ‘ஓர் இரவு’, 1954-இல் ‘சொர்க்கவாசல்’. 1953-இல் கைத்தறித் தொழில் படுத்தபோது அவரும் தோழர்களும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். 1954-இல், முக்கியமாக எம்.ஆர். ராதாவின் மேடையைக் கட்டிப்போட, அரசு நாடகங்களுக்கென்றே கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. நாடகத்துக்கு அரசு பயந்த காலம் ஒன்று இருந்தது.

இனி விமர்சனத்துக்கு வருவோம். அண்ணாவைப் படித்தால்தான் அவர் எங்கே நின்றுவிட்டார் என்பதும் தெரியும்.

‘வேலைக்காரி’ என்று தலைப்பு இருந்தாலும் வழக்கை நடத்துகிறவன் ஆனந்தன். வேலைக்காரி அமிர்தத்துக்குக் கிடைக்கும் வசனம் குறைவு. முதலாளி மகன் அவளைக் காதலிக்கிறான். ஆனால் பணக்கார வீட்டுப் பெண் என்ற அடையாளத்தோடு அவள் திரும்பி வந்த பிறகே அந்த வீட்டுக்கு மருமகளாக முடிகிறது. வேலைக்காரி வேலைக்காரியாகவே அந்த நடைக்குள் நுழைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாடகம் எழுதவில்லை. ஒரு பெண்ணாக எனக்கு அந்த இடத்தில் எப்போதும் உறுத்தும்.

இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. முதலியாரும் தேவரும் பட்டத்தோடு மேடைக்கு வந்தார்கள். இந்தக் கதைகளின் நடுவில் சேரி இல்லை. கடன்பட்டுச் செத்தவர்கூட சுந்தரம் பிள்ளைதான். ‘நல்லதம்பி’ படத்தில் ஒரு முறை சேரி வருகிறது, கதாகாலட்சேபமாக. உடுமலை நாராயணகவி எழுதி, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’. நந்தன் சிதம்பரத்துக்குப் போகத் துடித்துத் தீயில் இறங்கினான். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நந்தன் கதைக்குத் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பதில்களில் ஒன்று அது. ஆனால் அது படத்துக்கு நடுவே வரும் ஒரு நிகழ்ச்சி. கிந்தன் கதாநாயகனாகவில்லை. தீக்குப் பதிலாக ரயிலைக் கொடுத்த அந்தக் கற்பனை முழு நாடகமாக வளரவில்லை.

வாழ்க்கையிலோ தீ மறுபடி வந்தது. 1967 மார்ச்சில் அவர் முதலமைச்சர் ஆனார். புரோகிதரும் அக்னியும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லுபடியாக்கினார். நாடக ஆசிரியர் எழுதிய கனவுகளில் ஒன்று சட்டமானது என்று மகிழலாம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் தாக்கப்பட்டன. ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. பார்ப்பனர் அல்ல. வேதாசல முதலியாரின் பங்காளி என்று சொல்லலாம்.

அண்ணா அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். கீழ்வெண்மணிக்கு நாற்பதாவது நாள், 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார். நோயைச் சொல்லி அவரைக் காப்பாற்றவோ, பதவியைச் சொல்லித் தூக்கில் போடவோ நான் இதை எழுதவில்லை. கூலி கேட்டவர்களின் பக்கம் நிற்க வேண்டிய அரசு அந்தப் பண்ணையார்களை முன்கூட்டியே அடக்கவில்லை, அந்தப் பொறுப்பு அவர் அமைச்சரவைக்கு உண்டு. அதற்குப் பின் வந்தது இன்னும் கொடுமை. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. ‘வேலைக்காரி’யில் சட்டத்தை இருட்டறைக்கு ஒப்பிட்டவர் அண்ணா. அந்த இருட்டறைக்குள் அவருடைய ஆட்சிக் காலத்துச் சாம்பலே போய்ச் சேர்ந்தது.

இங்கேதான் என் கேள்வி. வேதாசல முதலியாரைத் தமிழ்நாட்டுக்கு அடையாளம் காட்டியது இந்த இயக்கத்தின் மேடை. அந்த ஆள் பிறகு எங்கே போனார்? சட்டமன்றத்துக்குப் போனார், கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார், கல்வித் தந்தை ஆனார், சாதிச் சங்கத்துக்குப் புரவலர் ஆனார். அவரை எதிர்த்து வசனம் பேசிய கட்சிகளுக்கே தேர்தல் செலவுக்குக் கொடுத்தார். மேடையில் திட்டுவதற்கு ஐயர் மட்டும் மிஞ்சினார். பார்ப்பனிய எதிர்ப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, அது இன்றைக்குத்தான் அதிகம் தேவை. பார்ப்பனியத்தின் வேலையைச் சொந்தச் சாதிக்காரன் செய்யும்போது அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாக்கு நமக்கு மரத்துப் போய்விட்டது என்றுதான் சொல்கிறேன்.

மரத்துப் போனதன் விலை உயிர்கள். 2015-இல் கோகுல்ராஜ். 2016-இல் உடுமலை சங்கர், பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். சங்கர் வழக்கில் மரண தண்டனை பெற்ற கௌசல்யாவின் தந்தையை 2020-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் கேட்டு ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுக்கிறோம். 1967-இல் திருமணத்துக்குச் சட்டம் வந்த மாநிலத்தில், அந்தத் திருமணத்தைச் செய்துகொண்டவர்கள் உயிரோடிருக்கத் தனிச் சட்டம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கொலைகளுக்குப் பின்னால் நின்றவர்களும் வேதாசல முதலியாரின் பரம்பரைதான், பட்டம் மட்டும் வேறு.

பட்டுக்கும் வருவோம். காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமை புடவைக்கு. நெய்கிறவருக்கு என்ன கிடைத்தது? ஊருக்குள் தறிகள் குறைந்துவிட்டன. சுற்றுக் கிராமங்களில் வன்னியர்களும் தலித்துகளும் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறியில் கட்டிப்போட்ட காலத்தைப் பன்னாட்டு மனித உரிமை அமைப்புகள் 1996-லும் 2003-லும் அறிக்கையாக எழுதின. அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களில் தலித் குழந்தைகள் ஏராளம். எங்கள் அப்பாவுக்கு மாமா என்று கூப்பிடவாவது ஓர் உறவு இருந்தது. சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு முதலாளியை எப்படிக் கூப்பிடுவது என்பதே ஒரு தண்டனை. இந்த ஊரின் ‘வேலைக்காரி’ அங்கே உட்கார்ந்திருக்கிறாள். யார் எழுதியிருக்கிறோம்?

தோழர்களே, அண்ணாவின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். ஒரு கல்யாண மண்டபமோ, மழலையர் பள்ளி மைதானமோ, தெருமுனையோ போதும். ‘ஓர் இரவை’ எடுத்துப் போடுங்கள். அடுக்குமொழி பிடிக்கவில்லை என்றால் உங்கள் தெரு மொழிக்கு மாற்றுங்கள். அமிர்தத்துக்கு வசனம் எழுதிச் சேருங்கள். அவள் வேறு யாருடைய மகளாகவும் வேடம் போடாமல், வேலைக்காரியாகவே, சேரிப் பெண்ணாகவே வாசலில் வந்து நிற்கட்டும். கிந்தனாருக்கு முழு நாடகம் எழுதுங்கள், கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்த பிறகு அந்த ஊர் அவனை எந்தத் தெருவில் குடிவைத்தது என்பது வரைக்கும்.

அதோடு ஒரு நிபந்தனை. வில்லனுக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் வீட்டுப் பட்டத்தை வையுங்கள். முதலியார் வீட்டுப் பிள்ளை முதலியாரை எழுதட்டும், கவுண்டர் வீட்டுப் பெண் கவுண்டரை எழுதட்டும், தேவர் வீட்டுப் பையன் தேவரை எழுதட்டும். தலித் தோழர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதி வருகிறார்கள், அதற்கு நம் வழிகாட்டல் தேவையில்லை. நம் பங்கு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை எழுதுவது. 1940-களில், காஞ்சிபுரத்தில், ஒரு நெசவாளி மகனுக்கு அது முடிந்திருக்கிறது.

நாடகம் போடுகிற அன்று சாதிச் சங்கக்காரர்களுக்கும் மறக்காமல் அழைப்பிதழ் கொடுங்கள். முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். தங்கள் பேனரில் சிரிக்கிற மனிதர் தங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று அவர்களும் கேட்கட்டும்.